கடைசிக் கடை கட்டும்வரை விளக்கை அணைக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கோயில் திருவிழாக்களில் ஒலிபெருக்கியில் ஓயாமல் ஓர் அறிவித்தல் போய்க்கொண்டிருக்கும்: "அடியார்கள் தங்கள் நகைகளைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளவும்." தேவையான அறிவித்தல்தான். ஆனால் அதே வீதியில் தறப்பாளுக்குக் கீழே விடியப்புறம் தொட்டு இரவுவரை காசோடும் சாமானோடும் இருக்கிற எங்களைப் பற்றி ஒருவரும் வாய்திறப்பதில்லை. திருகோணமலையிலிருந்து ஊரூராகப் போய்க் கைப்பணிப் பொருட்கள் விற்கிறவர்களில் ஒருத்தியாக இதை எழுதுகிறேன்.

சித்திரை பிறந்தால் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் வெளிநாட்டார் வரத் தொடங்கிவிடுவார்கள். புரட்டாதிவரை அந்தப் பருவம் நீளும். நடுவில் ஆடி அமாவாசைக்கு மட்டக்களப்பு மாமாங்கேஸ்வரர் கோயில், ஆவணியில் வெருகல் முருகன் கோயில், நல்லூரில் 25 நாள் திருவிழா. தை மாதத்தில் யாழ்ப்பாணம் முற்றவெளி வர்த்தகக் கண்காட்சி. பனையோலைப் பெட்டி, பன்பாய், சிப்பி வேலை என்று எதைக் கொண்டுபோனாலும் போகிறவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். துணைக்கு ஆளில்லாமல் இரவு பஸ்ஸில் மூட்டையோடு போய் வருகிறவர்களும் இருக்கிறார்கள்.

கூட்டம் நெருக்கியடிக்கும்போதுதான் களவு போகும் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். எங்கள் அனுபவம் வேறு. வியாபாரம் சூடாக நடக்கும்போது நாங்கள் கடையை விட்டு நகர்வதில்லை, பக்கத்துக் கடைக்காரரும் விழிப்பாக இருப்பார். களவு நடப்பது சாமான் இறக்கும்போதும் கட்டும்போதும்தான். அதிலும் கட்டும் நேரம் பொல்லாதது. பூசை முடிந்து சனம் கலைந்ததும் ஜெனரேற்றர்காரர் நிறுத்திவிட்டுப் போய்விடுவார். வீதி இருட்டு. ஒருவர் போன் வெளிச்சத்தில் தறப்பாள் கயிற்றை அவிழ்ப்பார், மற்றவர் ஓட்டோ தேடி ஓடுவார். கட்டிய மூட்டைகள் தெருவோரத்தில் கிடக்கும். முழுநாள் வியாபாரக் காசும் அந்த நேரத்தில் இடுப்பில்தான் இருக்கும்.

சென்ற ஆண்டு ஒரு திருவிழாவில் பக்கத்துக் கடை அக்கா இரண்டு மூட்டைகளைக் கொண்டுபோய் ஓட்டோவில் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்தபோது மூன்றாவது மூட்டையைக் காணவில்லை. அதில் இருந்தவை சாயம் போட்ட குருத்தோலையில் பின்னிய கைப்பைகள். ஓலை வார்ந்து, சாயத்தில் அவித்து, நிழலில் காயவைத்து, இரவிரவாக இருந்து பின்னியவை. "ஓலைப் பைதானே" என்று நின்ற ஒருவர் சொன்னதை அந்த அக்காவால் இன்னும் மறக்க முடியவில்லை. எனக்கும்தான்.

ஏற்பாட்டாளர்கள் எங்களிடம் நிலவாடகை வாங்குகிறார்கள், சிலர் மின்சாரத்துக்கும் தனியாக வாங்குகிறார்கள். அதற்கு ஈடாக நாங்கள் கேட்பது பெரிதல்ல. கடைசிக் கடை கட்டி முடியும்வரை விளக்கு எரியவேண்டும். அதுவரை வாசலில் ஒரு காவலாளி நிற்கவேண்டும். பல நாள் நடக்கும் கண்காட்சியென்றால் இரவில் மூட்டைகளைப் பூட்டிவைக்க ஓர் அறை வேண்டும். பெண்களுக்கு மலசலகூடம் கிட்டவே இருக்கவேண்டும். இதையும் பாதுகாப்போடு சேர்த்துத்தான் சொல்கிறேன், ஏனென்றால் தனியாளாகக் கடை போட்டவர் தூரத்துக்குப் போய் வருவதற்குள் கடை திறந்தபடியே கிடக்கிறது.

எங்கள் பக்கத்திலும் செய்யவேண்டியவை உண்டு. மிச்சக் காசுக்கு வேண்டிய சில்லறையை மட்டும் முன்னால் வைத்துக்கொண்டு, பெரிய தாள்களை உடுப்புக்குள் தைத்த பையில் போடுவது நல்லது. கடைக்கு முன்னால் இருந்து காசு எண்ணவே கூடாது. 5000 ரூபாய்த் தாளை வாங்கினால் வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பறவை உருவம் தெரிகிறதா என்று பாருங்கள். எந்தத் தாளானாலும் மிச்சம் எண்ணிக் கொடுக்கும்வரை அதைப் பெட்டிக்குள் போடாமல் இருவர் கண்ணிலும் படும்படி வையுங்கள். "நான் தந்தது ஐயாயிரம்" என்ற தகராறு அப்போது எழாது. கியூஆர் மூலம் காசு அனுப்பியதாகப் போன் திரையைக் காட்டுகிறவர்களும் வருகிறார்கள். அந்தப் படத்தை யாரும் தயாரிக்கலாம். உங்கள் போனுக்கு வங்கிக் குறுஞ்செய்தி வராமல் பொருளைக் கொடுக்காதீர்கள். போன் களவு போனால் முறைப்பாட்டுக்கு ஐஎம்இஐ என்கிற, அந்தப் போனுக்கே உரிய அடையாள இலக்கம் வேண்டும்; *#06# அழுத்தி அதை இப்போதே ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள்.

பனையோலை வேலை செய்கிறவர்களுக்கு இன்னொன்று. பெட்டியின் அடிப்பின்னலில் உங்களுக்கென்று ஒரு நிறத்தில் ஓர் இழை ஓடவிடுங்கள். களவுபோன பொருள் வேறொரு சந்தையில் விற்பனைக்கு வந்தால், உங்கள் கைவேலை என்று காட்ட அது உதவும். கடை விரித்ததும் போனில் ஒரு படம் எடுத்துவைத்தால் என்ன இருந்தது என்பதற்கும் ஆதாரம் இருக்கும்.

எங்களில் பலர் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் முறைப்பாடே செய்யாமல் வந்துவிடுகிறார்கள். முறைப்பாடு இல்லையென்றால் அங்கே களவே நடக்கவில்லை என்றுதான் கணக்கு. அடுத்த வருடமும் காவல் போடமாட்டார்கள். ஆபத்தென்றால் உடனே 119. பிறகு அந்த இடத்துப் பொலிஸ் நிலையத்துக்குப் போய் முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். வாக்குமூலத்தைத் தமிழில் எழுதும்படி கேட்கத் தயங்கவேண்டாம். 1988ஆம் ஆண்டின் 16ஆவது அரசியலமைப்புத் திருத்தத்துக்குப் பிறகு தமிழும் நிர்வாக மொழிதான். விளங்காத மொழியில் எழுதியதில் கையெழுத்துப் போடாதீர்கள்.

உள்ளூராட்சி சபைகளும் ஆலய பரிபாலன சபைகளும் கண்காட்சி நடத்துகிறவர்களும் வருகிற பருவத்துக்குக் கடை இடம் கொடுக்கும்போது, விளக்கு எத்தனை மணிவரை எரியும், காவல் எத்தனை மணிவரை நிற்கும், ஏதும் நடந்தால் யாரிடம் சொல்லவேண்டும் என்பதை அனுமதிச் சீட்டிலேயே எழுதித் தரவேண்டும் என்று உங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பனையோலைக் கைப்பணி விற்பனையாளர்,
உப்புவெளி, திருகோணமலை.