தங்கூசி எங்கே என்று கேட்ட அப்பாவுக்கும் மற்றவர்களுக்கும்

அன்புள்ள உப்புவெளி உறவுகளே,

கலாநிதிப் பட்ட ஆய்வேட்டை ஒப்படைத்துவிட்டு ஊருக்கு வந்து இரண்டு கிழமையாகிறது. "என்ன பிள்ளை படிச்சாய்?" என்று சந்தையில் கேட்டவர்களுக்கு நின்று பதில் சொல்ல முடியவில்லை. அந்தப் பதிலும் என் நன்றியும் இதில் இருக்கின்றன.

நான் படித்தது சாகஸ் நோய் பற்றி. அது எங்கள் நாட்டு நோயல்ல. 1909இல் பிரேசில் மருத்துவர் கார்லோஸ் சாகஸ் கண்டறிந்தது. பலருக்கு ஆண்டுகள் கழித்து இதயத்தைப் பழுதாக்கும். அந்த நோயைத் தரும் ஒட்டுண்ணிக்குச் சியாலிக் அமிலம் என்ற வெல்லத்தை (ஒருவகைச் சீனியை) தானே செய்யத் தெரியாது. டிரான்ஸ்-சியாலிடேஸ் என்ற நொதியத்தால் எங்கள் உடற்கலங்களிலிருந்து பறித்துத் தன்மேல் போர்த்திக்கொள்ளும். மனிதரிடம் அந்த நொதியம் இல்லை. அதனால்தான் மருந்து தேடுபவர்களுக்கு அதில் கண். சியாலிக் அமிலத்தில் இரண்டு புளோரின் அணுக்களை உரிய இடங்களில் வைத்தால், நொதியம் அதைக் கவ்வியபின் எளிதில் விடமுடியாது.

இதைத் தொலைபேசியில் சொன்னபோது அப்பா கேட்டார்: "தூண்டில் சரி, தங்கூசி எங்க? பிடிபட்டதை எப்படி இழுக்கிறது?" நாற்பது வருடம் கடலுக்குப் போனவரின் கேள்வி. அடுத்த நாள் என் மேற்பார்வையாளரும் அதையேதான் கேட்டார். பிறகுதான் மூலக்கூறின் வாலில் பயோட்டின் என்ற விற்றமினைத் தங்கூசியாகக் கோர்த்தோம். அதை இறுகப் பற்றும் புரதம் பூசிய மணிகளால் நொதியத்தை இழுத்தெடுக்கலாம். அப்பா, ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயம் உங்களுடையது.

ஆய்வுகூடத்து அக்காவுக்கு எப்படி நன்றி சொல்ல! புளோரின் பார்க்கும் திசையில் மட்டுமே வேறுபட்ட இரண்டு பொருள்களை நான்கு மாதம் பாடுபட்டுப் பிரித்தேன். ஓர் இரவு, களைப்பில் இரண்டையும் ஒரே குடுவைக்குள் ஊற்றிவிட்டேன். தவறு முழுக்க என்னுடையது. அக்கா ஒரு வார்த்தை திட்டவில்லை. மறுபடி பிரிப்பதற்குக் குழாயில் சிலிக்காத் தூளை நிரப்பி, விடியும்வரை கூட இருந்தார். பிரிந்ததா என்று பார்க்க, பொருளைத் தொட்டுவைத்த ஒவ்வொரு தட்டையும் சல்பூரிக் அமிலத்தில் தோய்த்துச் சூடாக்குவோம். வெல்லம் இருக்கும் இடம் கருகிப் பொட்டாகத் தெரியும். ஐந்து மணிக்கு, ஒன்றையொன்று தொடாமல் இரண்டு கறுப்புப் பொட்டுகள். இருவரும் அழுதோம்.

அம்மா, நீங்கள் அனுப்பிய மாசிச் சம்பல் எல்லா இரவுகளிலும் என்னோடு இருந்தது.

உவர்மலையில் எனக்கு உயர்தர இரசாயனவியல் சொல்லித்தந்த சேர், ஈர்க்கும் களிமண்ணும் கொண்டு நீங்கள் செய்து தந்த குளுக்கோசு வளையம் இன்னும் என் மேசையில் இருக்கிறது, ஒரு ஐதரொட்சில் மட்டும் உடைந்துபோய். ஞாயிறு காலை அதை எடுத்துக்கொண்டு வருகிறேன். உங்கள் கையாலேயே ஒட்டித் தாருங்கள்.

அன்புடன்,
உங்கள் பிள்ளை