தம்பியின் படர்தாமரை குறித்து

அன்புள்ள சுந்தரத்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மூட்டுவலியைத் தவிர எனக்குக் குறையொன்றும் இல்லை. ஆகவே உன் தம்பியின் விஷயத்துக்கே வருகிறேன். மாற்றுச் சிறுநீரகம் பொருத்திக்கொண்ட அவனுக்குத் தொடையிடுக்கில் படர்தாமரை வந்ததாகவும், மருந்துக்கடைக்காரர் கொடுத்த களிம்பில் இரண்டே நாளில் அடங்கி, நிறுத்தியதும் இடுப்பு வரை ஏறிவிட்டதாகவும் எழுதியிருக்கிறாய்.

அந்த டியூபின் அட்டையைப் படித்துப் பார். குளோபெட்டசால் என்ற பெயர் அநேகமாக இருக்கும். அது வீரியம் மிகுந்த ஸ்டீராய்டு. அரிப்பையும் சிவப்பையும் உடனே அமர்த்தும், ஆனால் படர்தாமரையை உண்டாக்கும் பூஞ்சைக்கு எதிராகத் தோல் நடத்தும் போரையும் சேர்த்தே நிறுத்திவிடும். வட்டத்தின் விளிம்பு மங்கிவிடுவதால், பார்க்கிற மருத்துவருக்கே அது படர்தாமரைதானா என்ற ஐயம் வரும். 2018இல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளை மருந்துச்சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. அதன் பிறகும் அவை கேட்டவுடன் கிடைப்பதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

நம்மைப் போன்றவர்களுக்குப் படர்தாமரை தோலின் மேலடுக்கோடு நின்றுவிடும். மாற்று உறுப்பை உடல் நிராகரிக்காமலிருக்க மருந்து உண்பவருக்கோ எதிர்ப்பு அணுக்கள் அடங்கிக் கிடப்பதால், அதே பூஞ்சை முடிக்குழிகளின் வழியே கீழே இறங்கிக் கட்டிகளாகத் திரளக்கூடும். சிவப்பும் அரிப்பும் உடலின் எதிர்ப்பால் உண்டாகிறவை என்பதால், அவனுக்கு அவை குறைவாக இருப்பதை வைத்து நோய் இலேசானது என்று எண்ணிவிடாதே.

உள்ளிருந்து தோலுக்கு வரும் பூஞ்சைகளும் உண்டு. புறா எச்சத்தில் வளரும் கிரிப்டோகாக்கஸ் மூச்சின் வழியே நுரையீரலுக்குள் சென்று, இரத்தத்தில் பரவி, நடுவில் குழிவிழுந்த சிறு கொப்புளங்களாகவோ, ஆன்டிபயாட்டிக்குக்கு அசையாத வீக்கமாகவோ தோலில் தோன்றும். எய்ட்ஸ் நோயாளிகளிடம் இதே போன்ற குழிக்கொப்புளங்களை உண்டாக்கும் டலரோமைசஸ் என்ற பூஞ்சை மணிப்பூரில் காணப்படுகிறது. இத்தகைய கொப்புளம் ஒன்றே ஒன்று தெரிந்தாலும் தோலில் சிறு துண்டெடுத்துச் சோதிக்கச் சொல். களிம்பு பூசிக் காத்திருக்க வேண்டாம்.

இப்போதைக்கு வேண்டியது எளிய சோதனைதான். படையின் விளிம்பை மழுங்கிய கத்தியால் சுரண்டி, உதிரும் செதிலைக் கண்ணாடிச் சில்லில் வைத்துப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டால், சற்று நேரத்தில் செதில் கரைந்து, கிளைத்தோடும் பூஞ்சை இழைகள் நுண்ணோக்கியில் தெரியும். ஸ்டீராய்டு பூசிய தோலாக இருந்தால் இழைகள் வைக்கோற்போர் போல மண்டிக் கிடக்கும்.

நான் மிகவும் அஞ்சுவது பூஞ்சைக்குத் தரும் மாத்திரையைப் பற்றி. இட்ராகோனசோல், ஃபுளுகோனசோல் போன்றவை, உறுப்பை உடல் நிராகரிக்காமலிருக்க உண்ணும் டாக்ரோலிமஸ் என்ற மருந்தைக் கல்லீரல் சிதைப்பதைத் தடுக்கும். டாக்ரோலிமஸை வழக்கமான அளவிலேயே விழுங்கினாலும் இரத்தத்தில் அது ஏறி, கை நடுங்கும். பொருத்திய சிறுநீரகமே கெடலாம். டாக்ரோலிமஸைக் குறைத்துச் சமாளித்தாலும், பூஞ்சை மாத்திரையை நிறுத்தும் நாளில் அதை மீண்டும் கூட்டாவிட்டால் உறுப்பை உடல் நிராகரிக்கும் ஆபத்து உண்டு. அமிலத்தைக் குறைக்கும் பேன்டோபிரசோலை அவன் உண்டால், இட்ராகோனசோல் கேப்சூல் சரியாக உடலில் சேராது. டெர்பினாஃபின் என்ற மற்றொரு பூஞ்சை மாத்திரை டாக்ரோலிமஸோடு அவ்வளவாக மோதுவதில்லை. ஆனால் சிறுநீரகத்தின் வேலைத்திறன் குறைந்திருந்தால் அது ஏற்றதல்ல. அத்துடன் 2020இல் டிரைக்கோஃபைட்டான் இந்தோட்டினியே என்று பெயரிடப்பட்ட, நம் நாட்டில் பெருகியிருக்கும் பூஞ்சை பல வேளைகளில் அதற்கு மசிவதில்லை.

ஆகவே தோல் மருத்துவர் எதை எழுதினாலும், முதல் மாத்திரையை விழுங்குமுன் அந்தச் சீட்டைச் சிறுநீரக மருத்துவரிடம் காட்டச் சொல். களிம்பை நிறுத்தியதும் சில நாள் அரிப்பு கூடும்; அதற்குப் பயந்து பழைய டியூபைத் தேடவிடாதே. துண்டும் உள்ளாடையும் அவனுக்குத் தனியாக இருக்கட்டும். வீட்டில் வேறு யாருக்காவது படை இருந்தால் அவர்களுக்கும் சேர்த்தே மருத்துவம் செய்யுங்கள். சோதனை முடிவும் டாக்ரோலிமஸ் அளவும் வந்ததும் எனக்கு எழுது.

அன்புடன்,
கதிரேசன்