ஒரு தேர்வு வையுங்கள்: எம்.ஏ. பொருளியல் சேர்க்கைக் குழுவுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

வணக்கம். சான்றிதழ் சரிபார்ப்பு நாளன்று நடந்தது உங்களுக்குத் தெரியும். கதையை முதலிலிருந்து சொல்லப்போவதில்லை.

ஒன்றை மட்டும் சொல்கிறேன். காரைக்குடியிலிருந்து இரவுப் பேருந்தில் பாதி தூரம் நின்றபடியே வந்தேன். ஒருநாள் கூலியை விட்டுவிட்டு அப்பாவும் கூட வந்தார். எட்டு மணிக்கு வரிசையில் நின்றவனுக்குப் பதினொன்றரைக்கு முறை வந்தது. மேசையிலிருந்தவர் மதிப்பெண் பட்டியலைப் பார்த்தார். "பி.எஸ்சி. கணிதமா? பி.ஏ. எக்கனாமிக்ஸ் இல்லையே" என்றவர், அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். அறிவிக்கையில் 'தொடர்புடைய பாடம்' என்று இருக்கிறதே என்றேன். கணிதம் அதில் சேராதாம். விண்ணப்பக் கட்டணம் வாங்கும்போது மட்டும் சேர்ந்திருக்கிறது. வெளியே வேப்பமரத்தடியில் காத்திருந்த அப்பா கேட்டார்: "கணக்குப் படிச்சவன் பொருளாதாரம் படிக்கக் கூடாதாப்பா?" என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் இருந்தால் சொல்லுங்கள்.

உங்கள் முதல் பருவப் பாடத்திட்டத்தைப் புரட்டினேன். நுண்ணியல் பொருளியலில் லக்ராஞ்சு பெருக்கி (கட்டுப்பாடுகளுக்குள் உச்ச அளவைக் காணும் கணித முறை), புள்ளியியலைக் கொண்டு பொருளாதாரத்தை அளக்கும் பொருளளவியலில் அணிகள் (மேட்ரிக்ஸ்). மூன்று ஆண்டுகளாக நான் மல்லுக்கட்டியவை இவைதான். நிதிக்கொள்கை பற்றி எனக்குச் செய்தித்தாள் அளவுக்கே தெரியும், ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் கேட்கிறேன்: ஒரு தேர்வு வையுங்கள். தேறாவிட்டால் நானே போய்விடுகிறேன்.

நுழைவுத் தேர்வு என்றாலே நம் ஊரில் முகம் சுளிப்பார்கள், காரணமும் இருக்கிறது. எல்லோருக்கும் வைக்கச் சொல்லவில்லை. வேறு துறையிலிருந்து வருகிறவர்களுக்கு மட்டும் ஒரு வாசல். இளநிலையில் எதைப் படித்திருந்தாலும் நுழைவுத் தேர்வில் தேறினால் முதுநிலையில் வேறு பாடம் எடுக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யூ.ஜி.சி.யின் 2024ஆம் ஆண்டுக் கட்டமைப்பே சொல்கிறது.

2021இல் தமிழக அரசு அமைத்த பொருளாதார ஆலோசனைக் குழுவில் ரிசர்வ் வங்கியின் முன்னாள் ஆளுநர் ரகுராம் ராஜன் இருந்தார். அவருடைய இளநிலைப் பட்டம் மின்பொறியியல். முதல்வருக்கு ஆலோசனை சொல்ல அது தடையாக இருக்கவில்லை. உங்கள் மேசைக்கு வந்திருந்தால் அவரையும் தாண்டி அடுத்த ஆளைக் கூப்பிட்டிருப்பீர்கள். இத்தனைக்கும் அன்று மாலை அறிவிப்புப் பலகையில் ஏழு இடங்கள் காலி என்று எழுதியிருந்தது. யாருக்காக அவற்றைக் காலியாக வைத்திருக்கிறீர்கள்?

கோபத்தில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது ஒரே ஒரு தேர்வு; வினாத்தாளை எவ்வளவு கடினமாக வேண்டுமானாலும் எடுங்கள். அதுவும் முடியாதென்றால், அடுத்த ஆண்டு அறிவிக்கையில் 'கணிதப் பட்டதாரிகள் விண்ணப்பிக்க வேண்டாம்' என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். எங்கள் அப்பாக்களுக்கு ஒருநாள் கூலியாவது மிஞ்சும்.

தங்கள் உண்மையுள்ள,
திருப்பி அனுப்பப்பட்ட விண்ணப்பதாரர்