கப்பல் ஏறப் போகும் மகளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலம். அழகர் மலைக்குத் திரும்பிய பிறகு ஊர் வெறிச்சென்று கிடக்கிறது, வெயில் மட்டும் குறையவில்லை. அம்மா முறுக்கும் அதிரசமும் சுட்டு டப்பாவில் அடைத்துவிட்டாள். பெட்டியில் இன்னும் எத்தனை கிலோ இடம் இருக்கிறது என்று தினமும் போன் போட்டு சம்பந்தியம்மாவைப் படுத்துகிறாள். இந்தக் கடிதமும் அவர் கைப்பையில்தான் சிங்கப்பூருக்கு வருகிறது. கவரை ஒட்டவில்லை. அவரும் படிக்கட்டும், அவருக்கும் சேர்த்துத்தான் எழுதியிருக்கிறேன்.

போனில் சொல்லலாம்தான். ஆனால் நான் வாயைத் திறந்தாலே "அப்பா மறுபடியும் ஸ்டேஷனுக்குப் போயிட்டாரு" என்று சிரித்துவிடுவாய். தீயணைப்பு ஸ்டேஷனில் வேலை பார்த்தவன் வேறு என்ன பேசுவான்?

விஷயம் இதுதான். அன்றைக்கு வீடியோ காலில் மாப்பிள்ளை ஒன்று சொன்னார். கப்பல் கிளம்புவதற்கு முன்னால் எல்லோரையும் கூப்பிட்டு, ஆபத்து வந்தால் எங்கே கூட வேண்டும் என்று ஒரு டிரில், அதாவது ஒத்திகை, வைப்பார்களாம், அந்த நேரம் பார்த்துப் போனால் சாப்பாட்டு ஹாலில் கூட்டமே இருக்காதாம். ஆபீஸ் நண்பர்களோடு போனபோது அப்படித்தான் செய்தாராம். நீயும் சேர்ந்து சிரித்தாய். மாப்பிள்ளை தங்கமான மனுஷர், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவர் பேச்சைக் கேட்காதே.

டிரில் என்றால் ஏதோ தகவல் சொல்கிறார்கள் என்று நினைக்கிறீர்கள். வெறும் தகவல் என்றால் ஒரு நோட்டீஸ் அடித்துக் கொடுத்தால் போதுமே. அந்த வழியை உன் கால் ஒரு தடவை நடந்து பார்க்கத்தான் டிரில். ஒரு ஜவுளிக் கடையில் தீப்பிடித்து நாங்கள் போய் இறங்கியபோது, முன்வாசலில் ஆள்மேல் ஆள் ஏறி நெரிந்துகொண்டிருந்தார்கள். பின்பக்கம் ஒரு படிக்கட்டு சும்மா கிடந்தது. அதன் வழியாக இறங்கி வந்தவர்கள் அங்கே வேலை பார்த்த பெண்பிள்ளைகள் மட்டும்தான். எதிர் டீக்கடை ஓரத்தில் ஒரு கீறல் இல்லாமல் நின்றார்கள். "தினமும் அந்தப் படி வழியாத்தான் சார் சாப்பிடப் போவோம்" என்றது ஒரு பிள்ளை. புகையில் மனுஷன் யோசிப்பதில்லை, பழகின வழியில் போகிறான். முன்பின் தெரியாத கட்டடத்தில் அவனுக்குப் பழகின வழி, உள்ளே நுழைந்த வாசல் ஒன்றுதான். நீங்கள் ஏறப் போகும் கப்பலில் உள்ளே நுழைந்த வாசலைக் கிளம்பிய பிறகு அடைத்துவிடுவார்கள், அதற்கு வெளியே கடல்தான். அப்புறம் எங்கே ஓடுவாய்?

ஏப்ரல் 14 அன்று வழக்கம்போல நீத்தார் நினைவு நாளுக்கு ஸ்டேஷனுக்குப் போயிருந்தேன். 1944-ல் அதே தேதியில் பம்பாய் துறைமுகத்தில் வெடிமருந்து ஏற்றிவந்த கப்பல் தீப்பிடித்து வெடித்தது. அணைக்கப் போன தீயணைப்பு வீரர்கள் பலர் அங்கேயே போய்ச் சேர்ந்தார்கள். அவர்களுக்காகத்தான் வருஷா வருஷம் மலர்வளையம் வைக்கிறோம். டைட்டானிக் பனிப்பாறையில் இடித்ததும் ஒரு ஏப்ரல் 14 இரவுதான், 1912-ல். தேதி ஒத்துப்போவதில் ஒன்றும் இல்லை, சும்மா சொன்னேன். அன்றைக்கு எங்கள் பழைய வண்டி டிரைவர் தன் மகனையும் கூட்டி வந்திருந்தார். கேட்டரிங் படித்துவிட்டு கப்பலில் அறை துடைக்கும் வேலையில் இருக்கிற பையன், லீவில் வந்திருக்கிறான். அவனை ஓரமாக உட்காரவைத்து ஒரு மணி நேரம் குடைந்து எடுத்துவிட்டேன். படுக்கை விரிக்கிறவனுக்கும் காய் நறுக்குகிறவனுக்கும்கூட ஆபத்து நேரத்தில் இன்ன இடம், இன்ன வேலை என்று பட்டியல் உண்டாம். வாரத்துக்கு வாரம் அவர்களுக்கு டிரில் நடக்கிறதாம். பயணிக்கு ஒரே ஒரு தடவை. அதற்கும் ஒளிந்துகொள்கிறவர்களைப் பற்றி அவன் சொன்ன கதையெல்லாம் இங்கே எழுதினால் மாப்பிள்ளை கோபித்துக்கொள்வார்.

அவன் சொன்னதில் முக்கியமானவற்றைச் சொல்கிறேன். சங்கு ஏழு தடவையோ அதற்கு மேலோ சின்னச் சின்னதாக ஊதி, பிறகு ஒரு தடவை நீளமாக ஊதினால், எல்லோரும் அவரவர் மஸ்டர் ஸ்டேஷனுக்கு, அதாவது ஆபத்து நேரத்தில் கூடும் இடத்துக்கு, போக வேண்டும். எந்த ஸ்டேஷன் என்று உங்கள் அறைக் கார்டில் எழுத்தோ எண்ணோ போட்டிருக்கும், அறைக் கதவின் உள்பக்கம் வழி வரைபடமும் இருக்கும். இந்தச் சங்கு எல்லோரையும் அங்கே கூடும்படி சொல்வதற்கு மட்டும்தான். கப்பலை விட்டு இறங்கச் சொல்வது கேப்டன் வாயால் தனியாக வரும் உத்தரவு. பெரும்பாலும் அதற்கு அவசியமே வராது. சங்கு ஊதியதும் படகைத் தேடி ஓடுவதும் தண்ணீரில் குதிப்பதும் மடத்தனம். மேல்தளம் ஆறேழு மாடி உயரம். அங்கேயிருந்து குதித்தால், மிதப்பதற்காகப் போட்ட லைஃப் ஜாக்கெட்டே தாடையில் இடித்து ஆளைக் கவிழ்த்துவிடும்.

இப்போதெல்லாம் பல கப்பல்களில் வீடியோவை செல்போனிலேயே பார்த்துவிட்டு, மஸ்டர் ஸ்டேஷனுக்குப் போய் கார்டைக் காட்டி ஸ்கேன் பண்ணினால் டிரில் முடிந்தது என்கிறார்கள். இதில்தான் ஏமாந்துவிடாதே. வீடியோவை ஓடவிட்டு நீ ஒருத்தி மட்டும் நாலு கார்டையும் எடுத்துப்போய் நீட்ட வழியிருந்தாலும் அப்படிச் செய்யாதே. நாலு பேரும் சேர்ந்து அறையிலிருந்து நடந்து போங்கள், லிஃப்ட் இல்லாமல், படிக்கட்டில். அறைக் கதவிலிருந்து படிக்கட்டு வரைக்கும் நடுவில் எத்தனை கதவு என்று எண்ணிக்கொள். விளக்குப் போனால், புகை வந்தால், சுவரைத் தடவிக்கொண்டே கதவை எண்ணிப் போகலாம். இது கப்பல்காரர்கள் சொல்லிக் கொடுப்பதில்லை, நான் சொல்வது.

2012 ஜனவரி 13 இரவு இத்தாலிக் கரையோரம் ஜில்லியோ தீவுப் பக்கம் கோஸ்டா கான்கார்டியா என்ற கப்பல் பாறையில் இடித்தது. நாலாயிரம் பேருக்கு மேல் இருந்தார்கள், பலர் சாப்பாட்டு மேஜையில். கரண்டில்தான் கோளாறு என்று முதலில் அறிவிப்பு. கப்பலைக் கைவிடச் சொல்லி உத்தரவு வருவதற்குள் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடிவிட்டது. அதற்குள் கப்பல் சாய்ந்துவிட்டது, சாய்ந்தபின் ஒரு பக்கத்துப் படகுகளைச் சரியாக இறக்க முடியவில்லை. 32 பேர் போனார்கள். அன்று மாலைதான் ஒரு துறைமுகத்தில் ஏறத்தாழ 700 பேர் ஏறியிருந்தார்கள். அவர்களுக்கு டிரில் மறுநாள். அப்போதைய விதிப்படி அது தப்பே இல்லை, ஏறி 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும். அந்த விபத்துக்குப் பிறகுதான் விதியை மாற்றினார்கள்: 2015 ஜனவரி 1 முதல் கப்பல் கிளம்பும் முன்போ, கிளம்பிய உடனேயோ டிரில் நடந்தாக வேண்டும். நீங்கள் ஏறியதும் பசி நேரத்தில் கூப்பிட்டு இம்சை பண்ணுவது இதனால்தான்.

இனி ஜாக்கெட். மழைக்காலத்துக்கு முன்னால் வண்டியூர்க் கண்மாயில் நாங்கள் ஒத்திகை காட்டும்போது காலித் தண்ணீர் கேன், லாரி டியூப், வாழைமரம் எல்லாம் வைத்து மிதந்து காட்டுவோமே, பார்த்திருக்கிறாய். எங்கள் காலத்தில் கமலைக் கிணற்றில் சுரைக்குடுக்கையை முதுகில் கட்டித்தான் நீச்சல் பழகினோம். அதெல்லாம் மிதக்கவைக்கும், அவ்வளவுதான். நல்ல ஜாக்கெட் செய்கிற வேலை வேறு. மயங்கிக் குப்புறக் கிடக்கிறவனையும் சில விநாடிகளில் மல்லாக்கத் திருப்பி, வாயைத் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பிடிக்கும். அதற்காகத்தான் முன்பக்கமும் கழுத்துக்குப் பின்னாலும் அவ்வளவு கனமாக அடைத்திருக்கிறார்கள். ஒரு விசில் தொங்கும், ஒரு விளக்கு இருக்கும், வெளிச்சம் பட்டால் மின்னும் பட்டைகள் இருக்கும். கடலில் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போகும், விசிலுக்கு அந்தக் கவலை இல்லை.

ஆனால் வாரை இறுக்கிப் போட்டால்தான் இதெல்லாம். நம் சுற்றுலாப் படகுகளில் பார்த்திருப்பாய், கழுத்தில் மாட்டி, வாரைத் தொங்கவிட்டு, செல்ஃபி எடுத்ததும் கழற்றிவிடுவார்கள். ஓர் ஏரியில் எனக்குக் கொடுத்த ஜாக்கெட்டில் வாரின் கொக்கியே பாதி உடைந்திருந்தது. வேறு கேட்டதற்கு, "சும்மா போட்டுக்கங்கய்யா, செக்கிங் வந்தா சொல்வாங்க" என்றான். வாரைப் போடாத ஜாக்கெட் தண்ணீரில் விழுந்ததும் காதுக்கு மேலே ஏறிவிடும், ஆள் கீழே வழுக்கிப் போவான். போட்டுப் பார்த்ததும், ஜாக்கெட்டின் தோள் பக்கத்தைப் பிடித்து மேலே இழுத்துப் பார்க்க யாரிடமாவது சொல். ஜாக்கெட் முகவாய் வரை வந்தால் வாரை இன்னும் இறுக்கு.

தேக்கடியை மறந்திருக்க மாட்டாய். 2009 செப்டம்பர் 30, ஜலகன்யகா படகு. விலங்கைப் பார்க்க எல்லோரும் ஒரே பக்கமாகச் சாய, இரண்டடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். அங்கேயிருந்து மலையைக் குடைந்து வரும் தண்ணீர்தான் வைகையில் சேர்ந்து நம் குழாய்க்கும் வருகிறது. உனக்கு நீச்சல் தெரியும் என்று தைரியமாக இருக்காதே. குவாரிப் பள்ளத்திலும் அணைக்கரையிலும் நாங்கள் கொக்கி போட்டு எடுத்தவர்களில் பாதிப் பேருக்கு நீச்சல் தெரியும் என்றுதான் வீட்டார் அழுதார்கள். ஜாக்கெட் இருந்தாலே தப்பிவிடலாம் என்றும் நான் சொல்லவில்லை. டைட்டானிக்கில் ஜாக்கெட் எல்லோருக்கும் இருந்தது, படகில்தான் பாதிப் பேருக்கு இடம் இல்லை. ஜாக்கெட் போட்டு மிதந்தவர்கள் அந்தக் குளிரிலேயே உயிரை விட்டார்கள். உங்கள் பக்கத்துக் கடல் அப்படிக் குளிராது என்பது ஒரு நிம்மதி.

ஒன்று கேட்டு வைத்துக்கொள்: ஜாக்கெட் அறை அலமாரியில் இருக்கிறதா, மஸ்டர் ஸ்டேஷனிலேயே கொடுப்பார்களா? புதுக் கப்பல்களில் ஸ்டேஷனில்தான் வைத்திருக்கிறார்களாம். அது தெரியாமல் மேல்தளத்தில் இருப்பவர்கள் அறைக்கு ஓடினால், ஏறி வரும் கூட்டத்துக்கு எதிரே இறங்க வேண்டும்.

(விமானத்தில் சீட்டுக்கு அடியில் இருப்பது வேறு ரகம், காற்று ஊதுவது. அதை வெளியே வந்த பிறகுதான் ஊத வேண்டும். 1996-ல் கொமோரோஸ் பக்கம் கடலில் விழுந்த எத்தியோப்பிய விமானத்தில் உள்ளேயே ஊதிக்கொண்டு வெளியே வர முடியாமல் போனவர்கள் உண்டு. சம்பந்தியம்மா இந்தப் பத்தியை சிங்கப்பூரில் இறங்கிய பிறகு படித்தால் உத்தமம்.)

என் பேரன் சின்னவனுக்கு வருகிறேன். பெரியவர்கள் ஜாக்கெட்டில் அவன் நிற்க மாட்டான், நழுவிவிடுவான். 15 கிலோவிலிருந்து 43 கிலோ வரைக்கும் குழந்தை ஜாக்கெட் என்று தனியாக உண்டு, எடை அதிலேயே எழுதியிருக்கும். அறையில் இல்லையென்றால் ஏறிய அன்றே கேட்டு வாங்கு, ராத்திரி பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதே. கைக்கு மாட்டும் பலூனும் வாத்து டியூபும் விளையாட்டுச் சாமான், அதை நம்பிக் குளத்தில்கூட விடாதே. கப்பல் நீச்சல் குளத்தில் எப்போதும் ஆள் நின்று பார்த்துக்கொள்வார் என்றும் எண்ணாதே. அப்புறம், அவனைக் குழந்தைகள் விளையாடும் இடத்தில் விட்டுவிட்டு நீங்கள் ஷோ பார்க்கப் போவீர்கள். அந்த நேரம் சங்கு ஊதினால்? பல கப்பல்களில் குழந்தைகளின் மணிக்கட்டில் மஸ்டர் ஸ்டேஷன் எழுத்தோடு பட்டை கட்டி, ஆட்களே கூட்டிக்கொண்டு வந்து பெற்றவர்களிடம் சேர்ப்பார்கள். உங்கள் கப்பலில் என்ன ஏற்பாடு, அவர்கள் கொண்டுவருவார்களா, நீங்கள் போய்க் கூப்பிட வேண்டுமா, முதல் நாளே கேட்டுவிடு. தெரியாவிட்டால் நீ ஒரு பக்கம், மாப்பிள்ளை ஒரு பக்கம், பிள்ளை மூன்றாவது பக்கம் என்று அலைய வேண்டியதுதான். அவனுக்கும் அந்த எழுத்தைச் சொல்லிக் கொடு. ஐந்து வயசுப் பையன், ஏ பி சி டி ஒப்பிக்கிறான், ஓர் எழுத்து ஞாபகம் இருக்காதா?

சம்பந்தியம்மாவுக்கு மூட்டுவலி. ஆபத்து நேரத்தில் லிஃப்ட் கிடையாது. அவருக்குப் படியேற உதவி வேண்டும் என்று கப்பலில் ஏறும்போதே கவுண்டரில் சொல்லிப் பதிந்துவிடுங்கள். அப்படிச் சொல்கிறவர்கள் விவரத்தைக் குறித்து, கிளம்பும் முன் கேப்டனுக்குக் கொடுக்க வேண்டும் என்பது விதி. சொல்லக் கூச்சப்பட வேண்டாம். அறை இன்னும் ஒதுக்கவில்லையென்றால் படிக்கட்டுக்குப் பக்கத்தில் கேளுங்கள். புடவையைப் பற்றியும் சொல்ல வேண்டும். சுடிதார் போட்டுக்கொள்ளச் சொல்லி அம்மா கேட்டதற்கு, "இந்த வயசுல என்னத்த சுடிதாரு" என்று சொல்லிவிட்டாராம். சரி, புடவையே கட்டட்டும். ஆனால் டிரில்லின்போது அதே புடவையோடு ஜாக்கெட்டைப் போட்டுப் பார்க்கட்டும். முந்தானையைச் சுற்றி இடுப்பில் செருகிய பிறகுதான் ஜாக்கெட். முந்தானையைத் தொங்கவிட்டு மேலே வாரைப் போட்டால், படகில் கால் வைக்கும்போது பின்னால் வருகிறவர் மிதித்துவிடுவார். கொசுவத்தையும் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொள்ளட்டும். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

மற்றதெல்லாம் உன் இஷ்டம். டால்பின் பாருங்கள், நன்றாகச் சாப்பிடுங்கள், மாப்பிள்ளை சொன்ன பஃபே டிரில் முடிந்தும் அங்கேயேதான் இருக்கும். கப்பல் கிளம்பிய பிறகு போன் சிக்னல் போய்விடும் என்கிறார்கள், அதனால் துறைமுகத்தில் இருக்கும்போதே ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பு. கார்டில் என்ன எழுத்து, அறையிலிருந்து படிக்கட்டு வரை எத்தனை கதவு, இரண்டையும் சின்னவன் குரலில் சொல்லச் சொல். மாப்பிள்ளை சொன்னால் எண்ணாமலே ஏதாவது ஓர் எண்ணைச் சொல்லிவிடுவார்.

அன்புடன்,
அப்பா