தெளிந்த ஓடை நலமான ஓடையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

கிருலப்பனைக் கால்வாயில் சேரும் சிற்றோடை ஒன்றின் அருகே வசிப்பவன் நான். அண்மையில் அதன் நிலையை ஆராய வந்தவர்கள் முற்பகல் பதினொரு மணிக்கு ஒரு போத்தல் நீரை எடுத்துக்கொண்டு பத்து நிமிடத்தில் திரும்பிவிட்டனர். வெயிலில் பாசியும் நீர்த்தாவரங்களும் ஒட்சிசனை வெளியிடுகின்ற அவ்வேளையில் எடுக்கப்படும் மாதிரி, ஓடையைச் சுகமாகவே காட்டும். இரவு முழுவதும் அவையும் சுவாசித்து ஒட்சிசனைக் குறைத்துவிடுவதால், மீன்கள் மூச்சுத்திணறுவது விடியலுக்குச் சற்று முன்னர்தான். கரைந்த ஒட்சிசன் லீற்றருக்கு 2 மில்லிகிராமுக்குக் கீழ் இறங்கினால் பெரும்பாலானவை நெடுநேரம் தாக்குப்பிடிக்க மாட்டா.

சென்ற ஞாயிறன்று நானே இறங்கி ஒரு கல்லைப் புரட்டினேன். நீர் என்னவோ கண்ணாடிபோலத்தான் இருந்தது. ஆனால், நல்ல ஓடைகளில் கல்லோடு ஒட்டிக்கிடக்கும், வால் இழைகளுடைய மேஃபிளைப் பூச்சியின் இளம் பருவங்களில் ஒன்றுகூட அகப்படவில்லை. கறுத்த சேற்றில் செந்நிறப் புழுக்களே நெளிந்தன. உடலில் ஈமோகுளோபின் இருப்பதால் ஒட்சிசன் குன்றிய சேற்றிலும் பிழைக்கக்கூடிய கொசுவையொத்த ஈக்களின் குடம்பிகள் அவை. போத்தல் நீர் அந்தக் கணத்தை மட்டுமே சொல்லும். வாரக்கணக்கில் அங்கேயே வாழும் இவை கடந்த நாட்களையும் சொல்லும்.

ஆகவே, விடியற்காலையிலும், மழைக்கு முன்னும் பின்னும் அளவெடுத்து, கல்லடி உயிரினங்களையும் இனம்வாரியாக எண்ணி, அம்முடிவுகளைத் தமிழிலும் வெளியிடுமாறு பொறுப்பானவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
கொழும்பு.