பின்வளைவில் ஒரு வயர்

பாப்பாவுக்கு,

நம் மாடல் ரயிலை ஓட்டும் புது டிசிசி (டிஜிட்டல் கண்ட்ரோல்) பெட்டி வந்து பத்து நாளாகிறது. வந்த அன்றே சொல்லலாம் என்று இரண்டு முறை போன் செய்தேன். வேலையாக இருந்திருப்பாய். நன்றாகத் தூங்குகிறாயா? போன முறை பேசும்போது உன் குரல் என்னவோ போலிருந்தது. அம்மாவும் அதையேதான் சொன்னாள். அவளுக்குப் புதுக் கண்ணாடி போட்டாயிற்று, நன்றாகத் தெரிகிறதாம்.

சரி, பெட்டிக்கு வருகிறேன். இதில் தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்சாரம் இருக்கும். எந்த எஞ்சின் ஓட வேண்டும் என்பதை அதற்குள் இருக்கும் டீகோடர் என்ற சின்ன சர்க்யூட்தான் பார்த்துக்கொள்ளும். புது டீகோடருக்கு முகவரி 3 என்றுதான் வரும். அது நினைவில்லாமல் இரண்டு எஞ்சினையும் ஏற்றிவிட்டு 3ஐ அழுத்தினேன். இரண்டும் கிளம்பி, பின்னால் வந்தது முன்னால் போனதை முட்டிவிட்டது. அப்புறம் ஒவ்வொன்றாக, எண் மாற்றத் தனியாக இருக்கும் புரோகிராமிங் டிராக்கில் வைத்து எண்ணை மாற்றினேன். பச்சை எஞ்சினுக்கு என்ன எண் என்று உனக்கே தெரியும்.

அதற்கு டீகோடர் மாட்டத்தான் மூன்று ராத்திரி ஆனது. சிவப்பு, கறுப்பு வயர்கள் சக்கரத்தின் பக்கம், ஆரஞ்சும் சாம்பலும் மோட்டாருக்கு. மோட்டாரின் முனை எஞ்சினின் உலோக உடம்பில் பட்டிருந்தால் டீகோடர் கருகிவிடும், அதனால் மீட்டர் வைத்து மூன்று முறை பார்த்தேன். பதினோரு வயதில், ரயிலைத் தடம் மாற்றும் பாயிண்ட் மோட்டாரைத் தனியாகக் கழற்றி மாட்டியவள் நீ. யாரிடம் பேசினாலும் அதைச் சொல்லாமல் விடமாட்டேன். அத்தனை கெட்டிக்காரிக்கு அப்பாவை ஒரு தடவை திருப்பி அழைக்க நேரமில்லை!

ஓட்டிப் பார்த்தால், பச்சை எஞ்சின் பின்வளைவில் நின்றது. அதே இடம். ஐசோபுரோபைல் ஆல்கஹால் போட்டுத் துடைத்தேன், சக்கரத்தையும் துடைத்தேன். அப்படியும் நின்றது. அவசரப்படாமல் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்தேன். நீயும் எதிலும் அப்படித்தான் செய்ய வேண்டும். கடைசியில் இரண்டு தண்டவாளத்துக்கும் குறுக்கே ஒரு நாணயத்தை வைத்தேன். ஷார்ட் ஆனதும், தண்டவாளத்துக்கு மின்சாரம் தரும் பூஸ்டர் உடனே கட் ஆக வேண்டும். மற்ற இடங்களில் ஆனது, பின்வளைவில் ஆகவில்லை. மின்சாரம் அங்கே சரியாகப் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம்.

டார்ச்சோடு மேசைக்கு அடியில் படுத்து, அந்த வளைவுக்கு மின்சாரம் கொண்டுபோகும் ஃபீடர் வயரை லேசாக இழுத்தேன், கையோடு வந்துவிட்டது. சால்டர் மங்கலாக, பொரிப்பொரியாக இருந்தது. சூடு போதாமல் வைத்த பற்று. ஒட்டியது போலத் தெரியும், ஒட்டியிருக்காது. அது நான் வைத்தது.

அன்றைக்கு உப்புத்தாளை எடுத்து நீ தேய்த்தாயே, அது இந்த வளைவில்தான். உப்புத்தாள் கூடாதுதான், கீறலில் அழுக்கு சேரும். ஆனால் நீ கையில் எடுப்பதற்கு முன்பே எஞ்சின் அங்கே நின்றுகொண்டிருந்தது. ஏன் தேய்த்தாய் என்று நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எல்லோர் எதிரிலும் "நீதான் கெடுத்தாய், இனி இந்தப் பக்கம் வராதே" என்றேன். நீ வரவே இல்லை. கோபம் தீர்ந்தால் வருவாய் என்று இருந்துவிட்டேன், கூப்பிடவில்லை. தப்பு என்னுடையது பாப்பா. இப்போதும் ஏதாவது சரியில்லை என்றால் என்னிடம் சொல்ல நீ தயங்குவது இதனால்தானோ என்று நேற்று முழுக்க அதே நினைப்பு.

அங்கே எது எப்படி இருந்தாலும் எல்லாவற்றையும் ஒரே நாளில் பிடுங்கிப் போடாதே. ஒரு நேரத்தில் ஒன்று. தூங்கு.

வயரை மறுபடி பற்ற வைத்துவிட்டேன். இப்போது அங்கே நாணயம் வைத்தால் உடனே கட் ஆகிறது. பச்சை எஞ்சின் நிற்காமல் போகிறது. நீ வர முடியாவிட்டாலும் பரவாயில்லை, போனிலேயே காட்டுகிறேன். ராத்திரி எந்நேரமானாலும் கூப்பிடு.

அப்பா