பழங்குடி உணவு ஆய்வுக்கு ஆள் தேடும் தேர்வுக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தேர்வுக் குழுவினருக்கு வணக்கம்.

கொல்லிமலை மலையாளிப் பழங்குடியினரின் மரபு உணவையும் ஊட்டச்சத்து நிலையையும் ஆராய இளநிலை ஆய்வாளர் ஒருவரைத் தேர்ந்தெடுக்கவிருப்பதாகத் தாங்கள் வெளியிட்ட அறிவிப்பைப் படித்தேன். வரவேற்கத்தக்க முயற்சி. ஆனால் முதுகலைப் பட்டம், நெட் (தேசியத் தகுதித் தேர்வு) தேர்ச்சி, பதினோரு மாத ஒப்பந்தம் என்ற மூன்று நிபந்தனைகளும் சேர்ந்து, அந்த உணவை நன்கு அறிந்தவர்களைப் பதில் சொல்பவர்களாக மட்டுமே நிறுத்திவிடும் என்று அஞ்சுகிறேன்.

இந்த அச்சம் அனுபவத்தில் வந்தது. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்வி நிறுவனத்தின் கணக்கெடுப்பாளனாக நானும் அந்த மலைக்குச் சென்றிருக்கிறேன். முந்தைய இருபத்து நான்கு மணி நேரத்தில் என்ன உண்டார்கள் என்று வீடு வீடாகக் கேட்டு எழுதுவது வேலை. தேவனூர் நாட்டில் (அங்கே ஊர்த்தொகுதிக்கு நாடு என்று பெயர்) ஒரு திண்ணையில் உட்கார்ந்து ஒரு பாட்டியிடம் கேட்டேன். "ரேசன் அரிசிச் சோறு, புளிக்குழம்பு. வேறென்ன தம்பி இருக்குது?" என்றார். கேள்விகள் முடியும்வரை அவர் கை மடியிலிருந்த முறத்தில் கீரை ஆய்ந்துகொண்டே இருந்தது. அது என்ன என்று கேட்டதற்கு, "களையெடுக்கும்போது புடுங்குனது. இதெல்லாமா கணக்குல வரும்?" என்று சிரித்தார். வரவில்லைதான். படிவத்தில் கீரைக்கு ஒரே ஒரு கட்டம் இருந்தது. பெயர் எழுத இடமில்லை. அன்றைக்குப் பத்துப் படிவங்களை முடித்தாக வேண்டியிருந்ததால், அந்த ஒரு கட்டத்தையும் காலியாக விட்டுவிட்டு நான் எழுந்துவிட்டேன். அவருடைய பேத்தி அந்தப் படிவத்தைப் பிடித்திருந்தால் அது காலியாக இருந்திருக்காது.

தானியத்திலும் இதே நிலைதான். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட இந்திய உணவுச் சத்துப் பட்டியலில் 528 உணவுகள் உள்ளன. அவற்றுள் சாமைக்கு ஒரு வரி, கேழ்வரகுக்கு ஒரு வரி. கொல்லிமலையிலோ பெருஞ்சாமை, வெள்ளப்பெருஞ்சாமை, கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, திரிகுலச் சாமை என்றும், சுண்டங்கிக் கேழ்வரகு, சாட்டைக் கேழ்வரகு, காரக் கேழ்வரகு என்றும் தனித்தனிப் பெயர்கள் வழங்குகின்றன. எந்தச் சாமை முன்னதாக அறுவடைக்கு வரும், எது களிக்கு ஆகும், எது சோற்றுக்கு ஆகும் என்பதை விதையைப் பார்த்தே சொல்லும் பெண்கள் அங்கே உண்டு. அவர்களிடமிருந்து மாதிரியை வாங்கி ஆய்வுக்கூடத்தில் "சாமை" என்று மட்டும் சீட்டு ஒட்டினால், ஆய்வு தொடங்குமுன்பே பாதித் தரவு தொலைந்துபோகும்.

பழைய உணவை மக்கள் மறந்துவிட்டார்கள் என்று முன்முடிவோடு போகவும் வேண்டாம். சேலம், இராசிபுரம் பக்கத்துச் சவ்வரிசி ஆலைகளுக்காக மலையிலும் மரவள்ளி பயிராகத் தொடங்கியது. 2011 முதல் நியாயவிலைக் கடையில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. அந்த அரிசியைக் குறைசொல்ல நான் வரவில்லை, பசித்த வீட்டுக்கு அது பெரிய துணை. உலக்கையைப் பிடித்துப் பார்த்தவர்களுக்கே மீதிக் காரணம் விளங்கும். சாமையின் உமி எளிதில் நீங்காது. உரலில் குத்தி, புடைத்து, மறுபடி குத்தி, கொழித்து, பிறகுதான் உலை வைக்க முடியும். அந்த உழைப்பு முழுவதும் பெண்கள் தலையில். ஒரு படி சாமையைச் சோறாக்க எத்தனை மணி நேரம் ஆகிறது என்று அளக்காமல் இரும்புச் சத்தை மட்டும் அளந்துவரும் ஆய்வால், சாமை ஏன் அடுப்பைவிட்டுப் போனது என்று சொல்ல முடியாது.

ஆகவே, ஒப்பந்தக் காலத்தைக் குறைந்தது இரண்டு ஆண்டுகளாக்குங்கள். பதினோரு மாதத்தில் ஒரு வெள்ளாமைச் சுற்றுகூட முழுதாகக் கண்ணில் படாது, காட்டுக் கிழங்கும் கீரையும் ஒவ்வொரு பருவத்திலும் ஒவ்வொரு விதமாகவே கிடைக்கும். ஆய்வாளர் செம்மேட்டிலோ அருகிலுள்ள ஊர்களிலோ தங்க வேண்டும் என்று நிபந்தனை விதியுங்கள். நெட் தேர்ச்சியைக் கட்டாயம் என்பதிலிருந்து விரும்பத்தக்கது என்று மாற்றுங்கள்; மாற்ற விதி இடம்தராவிட்டால், அந்த மலையிலேயே பிறந்து பட்டம் பெற்ற இருவரை இணை ஆய்வாளர்களாக நியமித்து, வெளியிடும் கட்டுரைகளில் அவர்கள் பெயரையும் சேருங்கள். 2023 சனவரி முதல் இளநிலை ஆய்வாளருக்கு மாதம் 37,000 ரூபாய் என்று அரசு நிர்ணயித்திருக்கிறது. முறத்தை ஒதுக்கிவைத்துவிட்டு நாள் முழுக்க விளக்கம் சொல்லும் பெண்ணுக்கு ஒரு நாள் கூலியாவது திட்டச் செலவில் எழுதப்பட வேண்டாமா?

ஒப்புதலைப் பற்றியும் ஒரு சொல். அகத்தியமலையில் 1987இல் காணிப் பழங்குடியினர் வழிகாட்டிகளாகச் சென்றபோது களைப்பு நீங்கத் தின்ற கனியிலிருந்துதான் ஆரோக்கியப்பச்சை என்ற மூலிகையை அறிவியலாளர்கள் அறிந்தார்கள். அதிலிருந்து உருவான மருந்தின் வருவாயில் காணிகளுக்குப் பங்கு சேர்க்க அறக்கட்டளை அமைந்தது பத்தாண்டு கழித்து, 1997இல். விதையும் கிழங்கும் மலையிலிருந்து இறங்குவதற்கு முன்பே, ஊர்க்கூட்டத்தில் தமிழில் வாசித்துக் காட்டி, உள்ளாட்சியின் பல்லுயிர் மேலாண்மைக் குழுவிடமும் ஒப்புதல் பெறுங்கள்.

விண்ணப்பத்துக்கான இறுதி நாள் இன்னும் வரவில்லை. திருத்திய அறிவிப்பை வெளியிட அவகாசம் இருக்கிறது. அதை மலைமேல் சோளக்காடு என்ற ஊரில் கூடும் சந்தையிலும் ஒட்டச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
முன்னாள் கணக்கெடுப்பாளர் ஒருவர்